காலக் கட்டளையும் கைநாட்டும்

காலமறிந்து கருமமாற்றுதல் அறிவுடையோர் கடன் என்பது யாவரும் அறிந்ததே. வள்ளுவனார் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். நமது முன்னோர் நாளொன்றை 60 நாழிகையாகப் பகுத்து, நாழிகை வட்டிலால் அளந்து, பொழுதறிவித்தற்கு நாழிகைக் கணக்கரை அமர்த்தினர். இலக்கண நூலார் ஆண்டைப் பெரும்பொழுது ஆறாகவும், நாளைச் சிறுபொழுது ஆறாகவும் வகுத்து, நிலத்தோடு பொழுதையும் முதற்பொருள் எனக் கொண்டனர். காலத்தை இத்துணை நுட்பமாகச் சொல்லில் அமைத்த மொழியைப் பயின்ற நாம், இன்று இயந்திரத்துக்குக் காலங் குறித்துக் கட்டளையிடும் சிறு தொடரொன்றை வாசிக்க மாட்டாது நிற்றல் தகுமோ? விழாக் கொண்டாடும் இவ்வேளையில் இவ் வினாவையே பழைய மாணவர், இந்நாள் மாணவர், ஆசிரியர் ஆகிய மூவர் முன்னும் வைக்க விரும்புகின்றோம்.

தமிழாசிரியர்க்குக் கணினியில் என்ன வேலை எனச் சிலர் நகைக்கக்கூடும். நாம் கணினி வல்லுநரல்லோம். ஆயினும் ஒரு தொடர் எங்கே பிழைபடுகின்றது, ஒரு சொல் எதனைத் தழுவி நிற்கின்றது, கேட்போன் அதனை எவ்வாறு பொருள்கொள்வான் என ஆராய்தல் எமது தொழில். இயந்திரத்துக்கிடும் காலக் கட்டளையும் ஒரு தொடரே. அதன் பிழைகளுட் பல இலக்கணப் பிழைகளே.

நாம் முன்னர்க் கற்பித்த மலைநாட்டுப் பாடசாலையொன்றில் நிகழ்ந்ததை முதற்கண் கூறுவோம். அங்கே கையால் அடித்துவந்த மணியை நீக்கி, சிறு கணினியொன்றுடன் இணைத்த மின்மணியை அமைத்தனர். திங்கள் முதல் வெள்ளி வரை காலை 7 மணிக்கு முதல் மணி ஒலித்தல் வேண்டும். ஆர்வமிக்க மாணவனொருவன் கட்டளையை எழுதினான். அவன் எழுதியது இது:

* 7 * * 1-5

மறுநாட் காலை 7 மணிக்கு மணி ஒலித்தது. 7 மணி 1 நிமிடத்துக்கு மீண்டும் ஒலித்தது. 2 நிமிடத்துக்கும் ஒலித்தது. பதினோராம் முறை ஒலித்தபோது நாம் ஓடிச்சென்று மின்னிணைப்பைக் கழற்றினோம். கழற்றாதிருப்பின் அம் மணி 60 முறை ஒலித்திருக்கும். அஃது அடைமழைக் காலம். கீழ் லயங்களிலிருந்து தாய்மார் கம்பளியைத் தலையிற் போட்டுக்கொண்டு மேட்டை நோக்கி ஓடிவந்தனர். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் தேதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மண்சரிவு மூடிய செய்தியை மறவாத மக்கள் அவர்கள். விடாது ஒலிக்கும் மணி அவர்கட்கு ஒரு பொருளையே உணர்த்தும். அன்று ஒரு கேடும் நிகழவில்லை. ஆயினும் வீணே 11 முறை ஒலித்த மணியை, உண்மையாக ஆபத்து வரும் நாளில் அவர்கள் நம்புவரோ என்னும் அச்சம் எம்மை விட்டு நீங்கவில்லை. பிழை அம் மாணவனுடையதன்று. குறிகளை எழுதக் காட்டி, அவற்றை வாசிக்கக் கற்பியாத எம்முடையதே.

இனி அக் கட்டளையின் அமைப்பைக் காண்போம். ஐக்கிய அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் பிறந்தது யுனிக்ஸ் என்னும் இயக்கமுறைமை. 1979இல் வெளிவந்த அதன் 7ஆம் பதிப்பிலே கிறொன் என்னும் செய்நிரல் இடம்பெற்றிருந்தது. பின்னர் 1987இல் போல் விக்சி என்பார் அதனைப் புதிதாக எழுதி வெளியிட்டார். இன்று வழங்கும் முறை பெரும்பாலும் அவர் வழி வந்ததே. அச் செய்நிரல் நிமிடத்துக்கொருமுறை விழித்து, கடிகாரத்தையும் கட்டளையையும் ஒப்புநோக்கும். பொருந்தின் வேலையைச் செய்யும், பொருந்தாவிடின் மீண்டும் காத்திருக்கும். கட்டளையில் ஐந்து இடங்கள் உள. இடமிருந்து வலமாக அவை நிமிடம் (0 முதல் 59), மணி (0 முதல் 23), தேதி (1 முதல் 31), மாதம் (1 முதல் 12), கிழமை (0 முதல் 6) என்பன. கிழமையில் 0 என்பது ஞாயிறு. 7 என எழுதினும் ஞாயிறே.

இடைக்கோடு ‘முதல், வரை’ எனப் பொருள்படும். காற்புள்ளி பலவற்றை எண்ணுதற்கு உதவும். உடுக்குறியே மாணவரை மயக்குவது. அது வெற்றிடத்தைக் குறிப்பதென அம் மாணவன் எண்ணினான். உண்மையில் அதன் பொருள் நம் மொழியிலுள்ள ‘தோறும்’ என்னும் சொல்லே. நிமிடத்தின் இடத்தில் அது நிற்பின் ‘நிமிடந்தோறும்’ என்றாகும். மாதத்தின் இடத்தில் நிற்பின் ‘மாதந்தோறும்’ என்றாகும். அம் மாணவன் எழுதியிருக்க வேண்டியது:

0 7 * * 1-5

இதனை வாசித்தற்கு எளிய வழியொன்றை நாம் கண்டோம். தமிழிலே காலத்தைப் பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கிச் சொல்லுதல் மரபு. ‘மாதந்தோறும் 10ஆந் தேதி காலை 9 மணி 15 நிமிடத்துக்கு’ என்போம். இயந்திரத் தொடரோ சிறியதில் தொடங்கிப் பெரியதற்கு ஏறுகின்றது. ஆகவே அதனை வலமிருந்து இடமாக வாசித்தால் தமிழ் வாக்கியம் தானே பிறக்கும். மேலே கண்ட தொடரை அவ்வாறு வாசிப்பின், ‘திங்கள் முதல் வெள்ளி வரை, மாதந்தோறும், எத் தேதியாயினும், 7 மணி 0 நிமிடத்துக்கு’ என வரும். மாணவன் முதலில் எழுதியதை அவ்வாறே வாசித்திருப்பின், ‘7 மணியின் நிமிடந்தோறும்’ என்னும் முடிவை அவன் வாயே சொல்லியிருக்கும். செவியே பிழையைக் கண்டிருக்கும்.

அடுத்து, தமிழாசிரியர்க்குச் சுவை பயப்பதொரு நுட்பம் உண்டு. ‘0 9 10 * 5’ என்று ஒருவர் எழுதுகின்றார். 10ஆந் தேதி வெள்ளிக்கிழமையாக அமையின் அன்று மட்டும் 9 மணிக்கு நினைவூட்டுக என்பது அவர் கருத்து. இயந்திரம் கொள்ளும் பொருளோ, ‘10ஆந் தேதிகளிலும் வெள்ளிக்கிழமைகளிலும்’ என்பது. ‘10ஆந் தேதியாகிய வெள்ளி’ என அவர் கருதியதை, அஃது எண்ணும்மையாகக் கொண்டுவிடுகின்றது. ஏனைய இடங்கள் யாவும் ஒருங்கே பொருந்தல் வேண்டும் என்பதே விதி. தேதியும் கிழமையும் ஆகிய இவ்விரண்டும் உடுக்குறியின்றி வருமிடத்து மட்டும், ஒன்று பொருந்தினாலே போதும் என்பது புறனடை. புறனடை அறியாதான் நூற்பாவை அறிந்தவனல்லன் என மாணவர்க்கு நாம் சொல்வதன்றோ? அது ஈண்டும் பொருந்தும்.

நாம் வாழும் றொசல்ல, வட்டவளைக்கும் ஹற்றனுக்கும் இடையே கிடக்கும் தேயிலை மலை. இங்கே கொழுந்தெடுக்கும் சுற்றினைச் சிறு பிள்ளையும் அறியும். ஒரு மலையிற் கொழுந்தெடுத்து ஏழு நாளான பின் மீண்டும் அம் மலைக்கு வருதலை ஒரு சுற்றெனக் கொள்வோம். இதனைத் தேதியின் இடத்தில் சாய்கோட்டால் ‘*/7’ என எழுதிவிடலாமென ஒருவர் எண்ணுவர். இயந்திரம் 1, 8, 15, 22, 29 ஆகிய தேதிகளைக் கொள்ளும். பின் என்ன நிகழும்? மாதம் பிறந்ததும் மீண்டும் 1 எனத் தொடங்கும். 31 நாளுள்ள மாதத்தில் 29ஆந் தேதிக்குப் பின் மூன்றே நாளில் அடுத்த சுற்று வந்துவிடும். 30 நாளுள்ள மாதத்தில் இரண்டே நாளில் வரும். தேயிலைச் செடி மாதப் பிறப்பை அறியாது. கட்டளையோ மாதத்தைக் கடந்து எண்ண அறியாது. கிழமையின் இடத்தில் ஒரு நாளைக் குறிப்பதே இங்கு நேரிய வழி. அவ்வாறே மாதக் கடைசியிற் கணக்கு முடித்தற்கு 31 எனத் தேதியிடின், 31ஆந் தேதியில்லாத ஐந்து மாதங்களிற் கணக்கு முடியாது கிடக்கும். ‘கடைசி நாள்’ என்பதற்குப் பொதுவழக்கிலுள்ள கிறொன் முறையிற் சொல்லே இல்லை. ஆதலின் 28 முதல் 31 வரை நாள்தோறும் எழுந்து, ‘நாளை 1ஆந் தேதியோ?’ என வினவி, ஆமெனின் மட்டும் செயலாற்றுமாறு அமைப்பர்.

ஐந்து இடத்துள் அடங்காத காலமும் உண்டு. 1966 முதல் 1971 வரை இந் நாட்டில் வார விடுமுறை சனி ஞாயிறுகளில் அமையாது, பிறையைத் தழுவிப் போயா நாளிலும் அதற்கு முன்னாளிலும் அமைந்தமையை மூத்த பழைய மாணவர் நினைவுகூர்வர். ஒரு போயாவிலிருந்து மறு போயாவுக்கு எப்போதும் ஏழு நாளென வரையறுத்தல் இயலாது. பிறைமாதம் ஏறக்குறைய இருபத்தொன்பதரை நாளாதலின் இடைவெளி கூடியும் குறைந்தும் வரும். அக்காலத்துப் பாடசாலை மணிக்குக் கிறொன் கட்டளை எழுதப் புகுவார் தோல்வியே காண்பர். இன்றும் பூரணைப் போயா, தீபாவளி, தைப்பூசம் ஆகியவற்றை ஐந்து இடங்களில் எழுதுதல் இயலாது. பஞ்சாங்கம் பார்த்து, ஆண்டுதோறும் தேதிப் பட்டியலை மனிதர் ஒருவரே கொடுத்தல் வேண்டும். இயந்திரம் அறிந்த காலம் வேறு, நாம் வாழுங் காலம் வேறு என்பதனை மாணவர் உணர்தற்கு இதனினும் சிறந்த பாடம் இல்லை.

எக் கடிகாரம் என்பதும் வினாவுதற்குரியது. இன்று பலர் தம் வேலையைக் கடல்கடந்த நாட்டுக் கணினிகளில் வாடகைக்கு வைத்துள்ளனர். அவை பெரும்பாலும் உலகப் பொது நேரத்தைக் கொண்டியங்குவன. நமது நேரம் அதனினும் ஐந்தரை மணி முந்தியது. ஆகவே திங்கட்கிழமை காலை 5 மணிக்கு மாணவர்க்குச் செய்தி அனுப்ப விரும்புவோர், ‘30 23 * * 0’ என ஞாயிறு இரவு பதினொன்றரை மணியைக் குறித்தல் வேண்டும். மணியை மட்டும் மாற்றிக் கிழமையை மாற்ற மறந்தவரின் செய்தி செவ்வாயன்றே வந்துசேரும். இவ் வேறுபாடுதானும் நிலையானதன்று. நாம் மாணவராயிருந்தபோது, 1996 மே 25இல் நாட்டின் கடிகாரம் ஒரு மணி முன்தள்ளப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபர் 26இல் அரைமணி பின்னிழுக்கப்பட்டது. 2006 ஏப்ரல் 15இல் மற்றோர் அரைமணி பின்சென்று பழைய நிலையை அடைந்தது. ‘பழைய நேரமா, புதிய நேரமா?’ என ஒவ்வொரு வைபவத்துக்கும் கேட்ட காலம் அது. ஐந்தரை என்னும் எண்ணை நம்பி எழுதிய கட்டளை அப் பத்தாண்டும் பிழையாகவே இருந்திருக்கும். கொழும்பு நேரம் என ஊர்ப்பெயரால் குறிக்க வசதியுள்ள இடத்தில் அவ்வாறு குறித்தலே நன்று.

இவையெல்லாம் எண்ணாலும் குறியாலும் வரும் பிழைகள்; திருத்திவிடலாம். திருத்த இயலாத நோவொன்றையும் கூறுவோம். எமக்கு அறிமுகமான ஒரு சங்கம், பெயர் ஈண்டு வேண்டா, தன் உறுப்பினர் ஒவ்வொருவரின் பிறந்தநாளுக்கும் ஒரு வரி எழுதி, வாழ்த்துச் செய்தி தானே செல்லுமாறு செய்திருந்தது. எமது நண்பர் ஒருவருக்குரிய வரி ‘0 6 10 3 *’. அதாவது மார்ச் மாதம் 10ஆந் தேதி காலை 6 மணி. நண்பர் காலமானார். மறு ஆண்டு மார்ச் 10ஆந் தேதி காலை, ‘நீடூழி வாழ்க’ என்னும் செய்தி அவர் கைப்பேசியில் ஒலித்தது. அக் கைப்பேசியை அவர் மனைவியார் வைத்திருந்தார். நாம் அவ்வில்லம் சென்றபோது அவர் அதனை எம் கையில் தந்து, “அவர் போய்விட்டதை இவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லையா, மாஸ்டர்?” என வினவினார். விடைகூற எமக்கு நா எழவில்லை. ஏனெனில் அச் சங்கத்தார் அனைவரும் இறுதிக் கிரியைக்கு வந்திருந்தனர். மலர் வளையமும் சாத்தியிருந்தனர்.

ஐந்து இடங்களை மீண்டும் எண்ணிப் பாருங்கள். அவற்றுள் ஆண்டுக்கு இடமில்லை. ஆதலின் ஒருமுறை இட்ட கட்டளைக்கு முடிவும் இல்லை. எழுதியவர் மாற்றலாகிச் சென்றாலும், ஓய்வுபெற்றாலும், யாருக்காக எழுதினாரோ அவரே மறைந்தாலும் அது தன் நேரத்துக்கு எழும். முன்னாளிற் கல்லூரி மணியடித்த முதியவர் மழையைப் பார்த்தார். நனைந்து வரும் பிள்ளைகளைப் பார்த்தார். இரண்டு நிமிடம் பொறுத்தே இறுதி மணியை அடித்தார். இயந்திரத்துக்கு அக் கண் இல்லை. அதனைக் குறையென நாம் கூறவில்லை. அக் கண்ணாக இருக்கும் கடமை கட்டளையிட்டவர்க்கே உரியது என்கின்றோம்.

இவ்விடத்தில் மாணவர் ஒரு தடை கூறுவர். “செயற்கை நுண்ணறிவிடம் தமிழிற் சொன்னாலே கட்டளையை எழுதித் தருகின்றதே, நாம் ஏன் இக் குறிகளைக் கற்றல் வேண்டும்?” என்பர். அவர்கட்கு இம் மலைநாட்டின் பழங்கதையே விடையாகும். நமது பாட்டன்மார் உழைத்த நாட்கள் செக்றோல் என்னும் பேரேட்டில் ஏறின. முழுப்பேரா, அரைப்பேரா என எழுதினவர் வேறொருவர், வாசித்தவரும் அவரே. தொழிலாளியின் கடனை எழுதி, ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்கு அவரோடு அனுப்பிய ‘துண்டு’ என்னும் முறை 1921இல் ஒழிக்கப்படும் வரை நிலவியது. தம்மைக் கட்டிய தாளைத் தாமே வாசிக்க அவருட் பலரால் இயலவில்லை. பிறர் எழுதிக் கொடுத்ததன் கீழ்க் கைநாட்டு வைத்தனர். அக் கைநாட்டை ஒழித்தற்கன்றோ தோட்டத்துப் பிள்ளைகள் மைல்கணக்காக நடந்து பள்ளிக்கு வந்தனர்?

இன்று பிறர் எழுதித் தந்த காலக் கட்டளையை வாசியாது ஏற்றுக்கொள்பவன், எழுதித் தந்தது மனிதராயினும் இயந்திரமாயினும், கைநாட்டே வைக்கின்றான். கிறொன் கட்டளையிற் கிழமைக்கு 1 எனின் திங்கள். குவார்ட்ஸ் என்னும் மற்றொரு முறையில் 1 எனின் ஞாயிறு. அதன் முதலிடமும் நிமிடமன்று, நொடியாகும். கேட்டவன் எம் முறைக்கெனச் சொல்லாதுவிடின் எழுதித் தருவது எதனையும் தரலாம். வாசிக்கத் தெரிந்தவனே அதனைக் கண்டுபிடிப்பான். எழுதுதலை இயந்திரத்திடம் விடலாம். வாசித்தலை விடலாகாது. சம்பளக் கணக்கு, பரீட்சை அறிவித்தல், மருந்து நினைவூட்டல் என எத்தனையோ கருமங்கள் இத்தகைய சிறு வரிகளால் இயங்கும் காலம் இது. அவற்றை வாசிப்போர் சிலர், அவற்றால் ஆளப்படுவோர் பலர் என்னும் நிலை மீண்டும் வருமாயின், பழைய பேரேட்டுக் காலத்துக்கும் இதற்கும் யாது வேற்றுமை?

ஆகவே நாம் வேண்டுவன பெரியனவல்ல. முதலாவது, மாணவர் எழுதும் ஒவ்வொரு காலக் கட்டளையையும் வலமிருந்து இடமாகத் தமிழில் உரக்க வாசிக்கப் பழக்குதல். தகவல் தொழினுட்ப ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒரு பாடவேளை ஒன்றாக நின்றால் இது நிறைவேறும். இரண்டாவது, கட்டளைக்கு மேல் # எனும் குறியிட்டு ஒரு வரி எழுதுதல். அக் குறியுடன் தொடங்கும் வரியை இயந்திரம் வாசியாது, அது மனிதர்க்கானது. யார் எழுதினார், எதற்காக, எப்போது மீளப் பார்த்தல் வேண்டும் என்னும் மூன்றும் அதில் இருத்தல் வேண்டும். மூன்றாவது, இயக்கிவிடுமுன் அடுத்து எந்த ஐந்து வேளைகளில் அது நிகழும் எனத் தாளில் எழுதிப் பார்த்தல். மாதக் கடைசியைக் கடந்தும் பார்த்தல். நான்காவது, கணினி நின்றிருந்த வேளையில் தவறிய வேலையைக் கிறொன் தானாகத் திரும்பச் செய்யாது என்பதனை மனங்கொள்ளல். காற்றடித்தால் மின்சாரம் நிற்கும் நம் மலைப்பகுதியில் இஃது அன்றாடச் செய்தி. ஐந்தாவது, ஆண்டுத் தொடக்கத்தில் எல்லாக் கட்டளைகளையும் ஒருங்கே எடுத்து வாசித்து, உயிரற்றவற்றை நீக்குதல்.

கொழும்பிலும் கடல்கடந்த நாடுகளிலும் கணினித் துறையிற் சிறந்து விளங்கும் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். கட்டடத்துக்குக் கல் தருதல் நன்றே; கணினி தருதலும் நன்றே. விடுமுறையில் ஊர் வரும்போது ஒரு காலைப்பொழுதை நமது கல்லூரிக்குத் தாருங்கள். நீங்கள் எழுதிய வரிகளையும், அவற்றுட் பிழைத்த வரிகளையும் மாணவர்க்கு வாசித்துக் காட்டுங்கள். உங்கள் வெற்றியைவிட உங்கள் பிழை அவர்கட்கு நன்கு பயன்படும்.

எமது பாடசாலை மணியைத் தவறாக எழுதிய அம் மாணவன், பின்னர் அவ்வரியை எம் முன்னின்று வலமிருந்து இடமாக வாசித்தான். ‘நிமிடந்தோறும்’ என்னும் சொல் வந்ததும் நிறுத்தி, தலைகுனிந்து சிரித்தான். உடனே அழித்து 0 என எழுதினான். அம் மாணவன் பெற்ற பழக்கத்தை நமது கல்லூரியின் மாணவர் அனைவரும் பெறுவாராக. நமது கல்லூரி நீடு வாழ்க. அதன் மணி உரிய காலத்தில், உரியவர்க்காக, உரிய அளவே ஒலிக்க.

— பழைய மாணவரும் பயிற்றப்பட்ட தமிழாசிரியருமாகிய ஒருவர், றொசல்ல.